கத்திமுனையில் கிராமர்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசலை ஒட்டிய பெரிய நாற்காலி அத்தானுடையது. உள்ளே, மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் கிடக்கும் பழைய நாற்காலி என்னுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், கடையின் முதலாளி. தெருவுக்கு அவர் ‘கிராமர்’. ‘கிராமர் கடையில கூட்டமா?’ என்று விசாரித்துவிட்டுத்தான் பலர் வருவார்கள். கூட்டமில்லை என்று தெரிந்தால் வரமாட்டார்கள். கூட்டமிருந்தால்தானே அவரிடம் மாட்டாமல் என் நாற்காலியில் வந்து உட்கார ஒரு சாக்குக் கிடைக்கும்!

தொழிலில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கத்தரி பிடித்தால் அத்தனை சுத்தம், சவரம் செய்தால் கன்னத்தில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். கோளாறு கையில் இல்லை, வாயில்தான்.

முடிவெட்டுகிறவர்களுக்குக் கூலியைத் தவிர இன்னொரு வருமானம் உண்டு. ஊர்க்கதை. யார் வீட்டில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டிலேயே டேரா போட்டுவிட்டான் என்பதெல்லாம் எங்கள் நாற்காலிக்கு வந்த பிறகுதான் தெருவுக்குப் போகும். இந்த வருமானத்தில் மண்ணைப் போட்டது செல்போன். துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நன்றாகத் தமிழில்தான் பேசிக்கொண்டிருப்பான். விஷயம் சுவாரசியமாகும் இடத்தில் கண்ணாடி வழியே எங்களை ஒரு பார்வை பார்ப்பான். அடுத்த நொடி இங்கிலீஷுக்குத் தாவிவிடுவான்.

இப்படித்தான் துணிக்கடைக்காரர் ஒருநாள், “எங்க மச்சான் பண்ணின காரியம் தெரியுமா?” என்று போனில் ஆரம்பித்தார். அத்தான் கத்தரியின் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொண்டார். அந்த ஆள் சட்டென்று இங்கிலீஷுக்கு மாறி, தலைமுடி வெட்டி முடியும்வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

“என் கடையில உக்காந்து, என் துண்டையே போத்திக்கிட்டு, எனக்குத் தெரியாம ஒருத்தன் கதை பேசிட்டுப் போறான்டா! இதைவிட அவமானம் உண்டா?”

“உங்களுக்கு எதுக்கு அடுத்தவங்க வீட்டுக் கதை?” என்றாள் அக்கா.

“அடுத்தவங்க கதை வேணாம்னா நான் கறிக்கடை வெச்சிருப்பேனே. ஆடு பேசாது.”

மறுநாளே நடைபாதைக் கடையில் ஒரு பழைய ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கிவந்தார். பெயர்ச்சொல், வினைச்சொல், எழுவாய், பயனிலை என்று தமிழில் விளக்கமும் இங்கிலீஷில் பயிற்சியுமாக இருந்தது. ஒரே ஒரு குறை, விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். ஆகவே அத்தானிடம் கேள்விகள் மட்டும் இருந்தன. விடைகளை வாடிக்கையாளர்களிடம் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தார்.

வாங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். புத்தகத்தைப் பவுடர் டப்பா மேல் விரித்துச் சாய்த்துவைத்திருப்பார். வந்தவருக்கு நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தி தொண்டைக்குழியில் வந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் சந்தேகம் கேட்பார்.

“சார், எந்த பாஷையிலயும் மரியாதைன்னு ஒண்ணு இருக்கணும் இல்லியா? நம்ம ‘வா’ன்னா சின்னவன், ‘வாங்க’ன்னா பெரியவர். அதே மாதிரி இங்கிலீஷ்ல ‘கம்’னா வா, ‘கம்மிங்’னா வாங்க. ‘சிட்’னா உக்காரு, ‘சிட்டிங்’னா உக்காருங்க. சரிதானே சார்?”

அந்த நிலைமையில் மனிதன் என்ன சொல்வான்? வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும், தலையை ஆட்டினால் தலையே போகும். “ம்” என்பார்.

அவ்வளவுதான், விதி உறுதியாகிவிட்டது. அடுத்தவரிடம் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கமாட்டார், பாடமாகவே நடத்துவார். அவரும் “ம்” என்பார். வங்கிக்காரர், மருந்துக்கடைக்காரர், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் பையன்கள், இங்கிலீஷ் வாத்தியாராகவே இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் என்று படித்தவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்ட இலக்கணம் அது. நான் இங்கிலீஷில் ஏபிசிடியோடு நின்றுபோனவன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இறந்தகாலம் என்பது இறந்துபோனவர்களுக்கு மட்டும் உரியது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. ‘இஸ்’ என்றால் ஆள் இருக்கிறார், ‘வாஸ்’ என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் ஒருமுறை போனில் தன் அண்ணனைப் பற்றி ஏதோ ‘ஹி வாஸ், ஹி வாஸ்’ என்று பேசிவிட்டுப் போக, அத்தான் கடையை என்னிடம் விட்டுவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கக் கிளம்பிப் போனார். கதவைத் திறந்ததே அந்த அண்ணன்தான். திரும்பிவந்த அத்தான் கொஞ்சமும் அசரவில்லை.

“படிச்ச குடும்பம்னு பேரு. கிராமரே தெரியலடா அவனுக்கு” என்றார்.

நாங்கள் சிரித்துவிட்டுப் போனோம். சிரிக்காத ஒரே ஆள் அவர் மகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டுப்பாடத்தில் ‘டாக் இஸ் ரன்னிங்’ என்று எழுதிவைத்திருந்தாள். அத்தான் பார்த்துவிட்டுக் குதித்தார். “நாய்க்கு எதுக்கும்மா மரியாதை? ஐஎன்ஜியை அழி!” என்றார். அழித்துக்கொண்டு போய் வகுப்பில் தப்பு வாங்கினாள். வந்து அக்காவிடம் அழுதாள். அக்கா, “விடும்மா, அவருக்கு இருக்கிறது அந்த ஒரு சந்தோஷம்தான்” என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுப்பாடத்தை அப்பா கண்ணில் காட்டியதே இல்லை. அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வந்தது.

படித்து முடித்து வெளியூரில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்க்கும் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று ஒருநாள் வந்து சொன்னாள். பையன் வேறு மொழி பேசுகிற குடும்பம். அவர்கள் பேச்சு நமக்குப் புரியாது, நம் பேச்சு அவர்களுக்குப் புரியாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே பாலம் இங்கிலீஷ். பையனுடைய அப்பா ஏதோ துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். பெண்ணின் பெற்றோரைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாராம்.

வேறு மொழிப் பையனா என்று அக்கா மூக்கைச் சிந்தினாள். அத்தானுக்கோ தலைகால் புரியவில்லை. “பேச்சுவார்த்தை முழுக்க இங்கிலீஷ்லடா! இந்த ஒரு நாளுக்காகத்தான்டா நான் இத்தனை வருஷமா படிச்சிருக்கேன்!” அன்றிலிருந்து கடையில் ஒத்திகை. ஒவ்வொரு வாடிக்கையாளரும் சம்பந்தியாகி, “கம்மிங் கம்மிங், சிட்டிங் சிட்டிங், ஈட்டிங் ஈட்டிங்” என்ற வரவேற்பைக் கத்திக்குக் கீழே பெற்றுக்கொண்டார்கள்.

சந்திப்பு வீட்டில் வேண்டாம், ஒரு ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மகள் சொன்னாள். வீடு என்பது கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகள். வருகிறவர்கள் கடையைத் தாண்டித்தான் மாடி ஏற முடியும். அத்தான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். எனக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

சந்திப்புக்குச் சில நாள் முன்னதாகவே வந்துவிட்ட அவள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தாள்.

“அப்பா, அன்னிக்கு என் ஃபிரெண்டு ஒருத்தி வருவா. அவங்க சொல்றதை உங்களுக்குத் தமிழ்ல சொல்லுவா. நீங்க சொல்றதை அவ இங்கிலீஷ்ல சொல்லிடுவா.”

“எனக்கு எதுக்கும்மா ஆளு? நானே பேசுவேனே.”

“வேணாம்ப்பா. நீங்க இங்கிலீஷ்ல எதுவும் பேச வேணாம்.”

அத்தான் சிரித்தார். “இந்தத் தெருவுல படிச்சவன் ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாரையும் கேட்டுட்டேன். ஒருத்தனாவது தப்புன்னு சொல்லியிருக்கானா?”

“கழுத்துல கத்தியை வெச்சிக் கேட்டா யாருப்பா தப்புன்னு சொல்லுவாங்க?”

சொன்ன பிறகு அவளே பயந்துபோனாள். அத்தான் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். அவருடைய முதுகைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் ஓய்வுபெற்ற வாத்தியார் சவரத்துக்கு வந்தார். அத்தான் ஒரு வார்த்தை பேசாமல் நுரை பூசினார். ஒரு கன்னம் முடிந்தது. பேச்சுச் சத்தம் இல்லாததால் வாத்தியாருக்கே சந்தேகம் வந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அத்தான் கத்தியைத் துடைத்து, மடித்து, என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். திரும்பிப் போய் வாத்தியாருக்கு எதிரே வெறுங்கையோடு நின்றார்.

“சார், நான் பேசுற இங்கிலீஷ் சரிதானே?”

“ம்” என்றார் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

“கத்தி அங்க இருக்கு சார். இப்பச் சொல்லுங்க.”

வாத்தியார் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கண்ணாடியில் தன் பாதி முகத்தைப் பார்த்தார். “தப்புய்யா” என்றார்.

“எது சார் தப்பு?”

“எதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? எல்லாமேதான்.”

“அப்புறம் ஏன் சார் இவ்வளவு நாளா ‘ம்’ போட்டீங்க?”

“முதல் நாள் பயத்துலதான் போட்டேன். போட்டதும் நீ ஒரு சிரிப்பு சிரிச்சே பாரு, பரிசு வாங்கின பையன் மாதிரி. அப்புறம் இல்லைன்னு சொல்ல மனசே வரலைய்யா.”

அத்தான் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். மற்றக் கன்னத்தை நான்தான் முடித்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான சவரத்தை நான் செய்ததில்லை. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் யாரும் கூப்பிடாமலே வாத்தியார் திரும்பி வந்தார். “கத்தி, கத்தரி எல்லாத்தையும் மச்சான்கிட்டக் குடுத்துட்டு வந்து உக்காரு” என்றார். அத்தான் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“யாரு செய்யறான்? அது எழுவாய். என்ன செய்யறான்? அது பயனிலை. எதைச் செய்யறான்? அது செயப்படுபொருள். இந்த மூணைப் பிடிச்சிட்டா பாதி இங்கிலீஷ் உன் கையில. மத்ததெல்லாம் அப்புறம்.”

“நம்ம வாக்கியத்துலயும் இதே மூணுதானே சார்?”

“மூணும் அதேதான். உக்கார்ற இடம்தான் வேற. நம்ம பயனிலை எல்லாரும் வந்தப்புறம் கடைசியா வருவான். அவங்க பயனிலை நடுவுல பூந்து உக்காந்துக்குவான்.”

“சரி, ‘யூ’ன்னா நீயா, நீங்களா?”

“ரெண்டும்.”

“சம்பந்திக்கும் ‘யூ’, நாய்க்கும் ‘யூ’வா?” அத்தானுக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்போ மரியாதையை எங்க சார் வெக்கிறது?”

“குரல்ல வெச்சுக்கோய்யா. அதுக்கு இலக்கணம் கிடையாது.”

அடுத்து வந்த நாட்களில் போனில் பேசும் வாடிக்கையாளர்களுக்கு நடுவே அத்தான் மௌனமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யார், என்ன செய்கிறான், எதை. உதடு மட்டும் அசையும். ஒருநாள் துணிக்கடைக்காரர் போனதும் என்னிடம் ஓடிவந்து, “அவரு மச்சான் கார் வாங்கிட்டான்டா, இவருக்கு வயித்தெரிச்சல்!” என்று கிசுகிசுத்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. இந்தப் பாடத்தைப் பற்றி மகளிடம் அவர் மூச்சு விடவில்லை. அவள் பேச வேண்டாம் என்றாள், பேசப்போவதில்லை, அவ்வளவுதான் என்றார்.

ஹோட்டலில் குளிர்சாதன அறை ஒன்றை எடுத்திருந்தாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் பையன், அவன் அப்பா, அம்மா. இந்தப் பக்கம் அத்தான், அக்கா, நான். மேஜையின் முனையில் மகளும், மொழிபெயர்க்க வந்த அவள் தோழியும். சம்பந்தியாகப் போகிறவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அத்தான் முதலில் பார்த்தது அவர் தலையை. “சாயம் காது மேல எல்லாம் ஒழுகியிருக்குடா. யாரோ படுபாவி கெடுத்து வெச்சிருக்கான்” என்று என் காதில் முணுமுணுத்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

ஜூஸ் வந்தது, பிஸ்கட் வந்தது. இரண்டு அம்மாக்களும் ஒருவர் புடவையை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு பையனின் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

“வாட் டஸ் ஹி டூ?”

தோழி எங்களைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். “எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேக்கிறாங்க அங்கிள்” என்றாள். அந்தப் பக்கம் திரும்பி மடமடவென்று பதில் சொன்னாள். “ஹி ரன்ஸ் எ பியூட்டி கம்பெனி. மெனி பீப்பிள் ஒர்க் ஃபார் ஹிம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தானின் உதடு அசைவதைத்தான் கவனித்தேன். யார், என்ன செய்கிறான், எதை. அசைந்துகொண்டிருந்த உதடு நின்றது.

“நல்லா இருக்கீங்களான்னு கேக்கலடா” என்றார் என் காதில், மிக மெதுவாக. “நான் என்ன செய்யறேன்னு கேட்டாரு. நான் அழகு கம்பெனி நடத்துறேனாம். எனக்குக் கீழ நிறைய பேர் வேலை பாக்குறாங்களாம்.”

அந்த நிறையப் பேர் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இது தோழியின் சொந்தச் சரக்கில்லை. ஹோட்டல் எதற்கு, வீடு ஏன் ஆகவில்லை, அப்பா ஏன் வாயைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் ஒரே நொடியில் வரிசைகட்டி வந்து நின்றது. எழுந்து நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

பையனின் அப்பா விடவில்லை. அதிகாரியாக இருந்தவர் அல்லவா, தோழியைத் தாண்டி நேராக அத்தானின் கண்ணைப் பார்த்துக் கேட்டார். “யூ ஹேவ் எ கம்பெனி?”

மொழிபெயர்க்கத் தேவையில்லாத அளவுக்குச் சின்னக் கேள்வி. அத்தான் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை லேசாக அண்ணாந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அத்தானின் கத்திக்குக் கீழே, எங்கள் கடைக் கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற முகம் அது. இல்லை என்று அத்தான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இங்கிலீஷில் ‘நோ’ சொல்ல யாருக்கும் இலக்கணம் வேண்டாம்.

“ம்” என்றார் அத்தான்.

சொல்லிவிட்டு ஜூஸை எடுத்துக் குடித்தார். கண்ணாடிக் குவளை பல்லில் பட்டு ஆடியது. கைநடுக்கம் என்பதே இல்லாத ஆள் அவர், நடுக்கம் இருந்தால் அந்தத் தொழிலில் ஒருநாள் தாங்க முடியாது. மகளும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும். முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. தோழி பேச்சை மாற்ற வாயெடுத்தாள். இவள் கையை நீட்டி அவளைத் தடுத்தாள்.

“மை ஃபாதர் கட்ஸ் ஹேர்” என்றாள்.

பையனின் அப்பா அவளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் காதுக்கு மேலே போய்ச் சாயத்தைத் தடவியது. அவர் மனைவி தங்கள் மொழியில் ஏதோ கேட்க, பையன் குனிந்து அம்மாவுக்கு விளக்கினான். அந்தக் கல்யாணம் பிறகு நடந்துவிட்டது. சம்பந்தி இன்றைக்கும் தன் சொந்தக்காரர்களிடம் அழகு கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்கிறாராம், அது அவர் தலைவலி. ஆனால் அந்த நிமிஷத்தில் நடக்குமா, உடையுமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்கா என்ன ஏது என்று தெரியாமல் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் அப்பாவைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அத்தான் மட்டும் விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ‘மை ஃபாதர்’ என்று ஒரு விரல். ‘கட்ஸ்’ என்று ஒரு விரல். ‘ஹேர்’ என்று ஒரு விரல். கண்ணீர் வழிந்து மீசைக்குள் இறங்குவதைத் துடைக்கவும் மறந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

“மூணும் அது அது இடத்துல இருக்குடா” என்றார். “எழுவாய் யாரு பாத்தியா? நான்டா.”